கறுவா திரும்பி வருகிறது

லொங்குய்ய் நகரத்து ஆற்றங்கரைப் புல்வெளியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. றொக்சன் மறுபடியும் விசில் ஊதுகிறான். ஒரு வயதுகூட நிரம்பாத வேட்டைநாய் கறுவா, பழக்குவதற்காகப் பறவைக்குப் பதிலாக அவன் எறிந்த துணிப்பொதியை எடுத்து வராமல், வாத்துகளைத் துரத்திக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டது. போன மாதம்வரை ஒரு விசிலுக்கே ஓடிவந்து காலடியில் இருந்த நாய். இப்போது விடலைப் பருவம், பழக்கியதெல்லாம் மறந்துபோயிற்று. புதருக்கு அப்பால் பெருந்தெரு. அங்கே ஒரு கார் கிறீச்சிட்டு நிற்கிறது. விசில் அவன் உதட்டிலிருந்து நழுவுகிறது. மனைவி ஜெனிற்றா அவன் முழங்கையை இறுகப் பிடிக்கிறாள். பிறகு புதர் அசைகிறது. மூக்கெல்லாம் சேறாக, வெறும் வாயோடு கறுவா வெளியே வருகிறது. அவர்களைக் கண்டதும் பாதி வழியில் நின்று வாலைத் தாழ்த்துகிறது.

"எங்கையடி போனனீ!" றொக்சன் கையை ஓங்குகிறான்.

"அடியாதேங்கோ," என்கிறாள் ஜெனிற்றா. "வந்ததுக்கு அடி வாங்கினா இனிக் கூப்பிட வராது."

"நான் நல்லாப் பயந்துபோனன், ஜெனி."

"ஓம், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

ஓங்கிய கை இறங்குகிறது. அவன் ஈரப்புல்லில் முழந்தாளிட்டு இரு கைகளையும் விரிக்கிறான். "வா, ராசாத்தி." கறுவா தயங்கித் தயங்கி வந்து, சேற்று நெற்றியை அவன் மார்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இருவருக்கும் மூச்சு வாங்குகிறது.