ஒரு பாடம் மட்டும்

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பட்டம் பெறச் சேர்வோர் ஒன்றில் குறியிட வேண்டும்; பட்டம் வேண்டாமல், விரும்பிய பாடத்தை மட்டும் படிப்போர் மற்றொன்றில்.

மலர்க்கொடி இரண்டாவதில் குறியிட்டிருந்தாள். அதைக் கண்ட தலைமை எழுத்தர் எத்திராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திருவொற்றியூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் தொழிற்சாலை அது. அவள் அங்கே இளநிலைப் பொறியாளர். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஒலியியல் முதுகலையைத் தொலைநிலைக் கல்வியில் வழங்கியது; விண்ணப்பங்கள் தொழிற்சாலை அலுவலகம் வழியே போயின.

“பட்டம் தராத படிப்பு இன்னாத்துக்குமா? கல்யாணத்துக்குப் போயி கை நனைக்காம வர்ற கதையாகீது.”

“எனக்குப் பசி ஒரே ஒரு பதார்த்தத்துக்குத்தான் சார்” என்றாள்.

இரைச்சலை அளப்பதும் குறைப்பதும் பற்றிய பாடம் அது. அவள் தந்தை கிருஷ்ணப்பன் அதே தொழிற்சாலையில், ஹேமர் ஷாப் எனும் சம்மட்டிக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சம்மட்டி இயந்திரம் ஓட்டுபவர். ஒரு காது போய்விட்டது, மிச்சமிருப்பது மற்றொன்று.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி தாமோதரன் அதே விண்ணப்பத்தில் முதல் கட்டத்தில் குறியிட்டார். மூன்றாண்டில் பட்டம் வந்தது. சத்தத்தைக் குறைக்கக் கற்றவரைப் பாராட்ட, நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டி, எண்ணூர் வரை கேட்கும்படி விழா எடுத்தார்கள். எத்திராஜும் ஒரு சால்வை போர்த்தினார்.

பிறகு, தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. சத்தம் தொண்ணூறு டெசிபலைத் தாண்டினால் சம்மட்டி இயந்திரங்களைச் சுற்றி ஒலித்தடுப்பு எழுப்பியே ஆக வேண்டும். மலர்க்கொடி ஒரு மாதம் முழுக்க அளந்து எழுதிய தாளை நீட்டினாள். நூற்றெட்டு என்றிருந்தது.

தாமோதரன் அந்த எண்ணைப் பார்க்கவில்லை; அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

“எந்தப் பட்டத்தின் பேரில் போட்டிருக்கிறீர்கள், அம்மா? பட்டதாரியின் கையெழுத்துதான் செல்லும்.”

எத்திராஜ் பார்த்திருக்க, தாள் அவருடைய இழுப்பறைக்குள் போயிற்று.

பிறகு தாமே அளந்தார். அளந்த நாள் ஆயுத பூஜை. இயந்திரங்கள் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூடி, மௌன விரதம் இருந்தன. பொரி கொறிக்கும் சத்தத்தையும் சேர்த்து அறுபத்தெட்டு டெசிபல் வந்தது. அறிக்கையில் அளந்த நாளைக் குறிக்க மறந்துவிட்டார். மெத்தப் படித்தவர்களுக்கும் மறதி உண்டல்லவா?

அதைத் தட்டச்சு செய்தவர் எத்திராஜ். தேதி எங்கே என்று கேட்க வாயெடுத்தார். ஓய்வு பெற எட்டே மாதம் என்பது நினைவுக்கு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

அன்று வாயிலில் கிருஷ்ணப்பன் எதிர்ப்பட்டார்.

“உம் பொண்ணு நல்லாத்தான் எழுதிக்கீது, கிருஷ்ணப்பா.”

கிருஷ்ணப்பன் கேட்கும் காதைத் திருப்பினார். “இன்னா சொன்ன?”

எத்திராஜ் மறுபடி சொன்னார். பிறகு உரக்கவும் சொன்னார். “இன்னா?” என்று அவர் மூன்றாம் முறையும் கேட்டபோது எத்திராஜ் வாயிலிலிருந்து அலுவலகத்துக்கே திரும்பி நடந்தார்.

ஆய்வாளர் வந்தார். ஹேமர் ஷாப்பை ஒட்டிய தாமோதரனின் அறையில் தேநீர் உபசாரம் நடந்தது.

“இங்கே சத்தமே கேட்கவில்லையே” என்று வியந்தவர், அறுபத்தெட்டைப் படித்து நிறைவோடு பேனாவைத் திறந்தார். “இது தொடர்பாக வேறு ஏதேனும் தாள் உண்டா?”

“இல்லை” என்றார் தாமோதரன்.

கோப்போடு நின்றிருந்த எத்திராஜ் ஒரு தாளை உருவி மேசைமேல் வைத்தார். மலர்க்கொடியின் தாள் இழுப்பறைக்குள் போன மறுநாளே, சத்தம் புகாதபடி இந்த அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கேட்டுத் தாமோதரன் நிர்வாகத்துக்கு எழுதிய விண்ணப்பம் அது.

‘ஹேமர் ஷாப்பின் சத்தம் நூற்றெட்டு டெசிபல் என்று ஒலியியல் பட்டதாரி என்ற முறையில் சான்றளிக்கிறேன். என் செவிகளைக் காக்க ஆவன செய்யவும்.’

ஆய்வாளர் பேனாவை மூடினார். தாமோதரன் எத்திராஜைப் பார்த்தார்.

“பட்டதாரி கையெழுத்துதான் செல்லும்னு சொன்னீங்கோ. அதான் இத்தையும் வச்சேன் சார்” என்றார் எத்திராஜ்.