நானூறாவது குழந்தை

பிரசவ வார்டுப் பலகையில் 398 என்று எரிந்தது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு 399. அதுதான் ஆயுளுக்கும் அடையாள எண்.

"பக்கத்து ரூம் பொண்ணு முந்திக்கட்டும். கொஞ்சம் அடக்கிக்கோம்மா!" என்றாள் மாமியார் சௌந்தரம். "நம்ம குடும்பத்து ராசி எண் ஏழு. நானூறை ஏழு அடிமானத்துல, அதான் ஏழு ஏழாக் கட்டி, எழுதினா 1111. ராஜா எண்!"

யாழ்மொழி வலியில் கட்டில் கம்பியை முறுக்கினாள்.

"அந்தப் பொண்ணு பெத்துக்கற வரைக்கும் பிரசவ வலியை நிறுத்தி வைக்க ஊசி போட்டுடலாமா டாக்டர்?" என்றான் கணவன் கதிரேசன்.

"ஊசியோட கிட்ட வந்தா கடிச்சுடுவேன்!" என்று அலறினாள். அந்த அலறலோடு குழந்தையும் அலறியது. பலகை 399-க்கு மாறியது.

"ஏழுல 1110. கடைசில சைபர்!" சௌந்தரம் பேத்தியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"398 அடிமானத்துல எழுதிப் பாருங்க அத்தை. 11 வரும்," என்றாள் யாழ்மொழி.

கதிரேசன் செல்போனில் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஆமாம்மா, 11! நம்ம ராசியை 398-ன்னு மாத்திக்கலாமா?"

"எந்த எண்ணையும் அதைவிட ஒண்ணு குறைஞ்ச அடிமானத்துல எழுதினா 11தான்யா வரும்! இந்தக் கூத்துக்கா என் பிள்ளையை வயித்துக்குள்ளேயே பூட்டி வைக்கப் பார்த்தே?" என்று அவனிடம் சீறினாள் யாழ்மொழி.

நர்ஸ் குழந்தையின் கைப்பட்டையோடு வந்தாள். "இன்ஷியல் என்ன சார்?"

கதிரேசன் வாயைத் திறந்தான்.

"அவரை ஏன் கேக்கறீங்க?" என்றாள் யாழ்மொழி. "என்னோட 'யா' போடுங்க."