பெரிய வால்வுக்கு ஏற்ற மோட்டார்

ஒரு கட்டடத்தின் ஏசிக்குக் குளிர்நீர் கொண்டுபோகும் குழாயில், தேவைக்கு மிஞ்சிய பெரிய வால்வு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத் திருப்பும் மோட்டாருக்கு நிம்மதியே இல்லை. இம்மி திறந்தால் அறையில் இருப்பவர்கள் நடுங்கினார்கள். மூடினால் வேர்த்து வழிந்தார்கள். நாள் முழுக்கத் திறப்பதும் மூடுவதுமே அதற்குப் பிழைப்பாகிவிட்டது.

"அண்ணே, இந்த இடத்துக்கு நீங்க கொஞ்சம் பெரிசு இல்லையா?" என்று கேட்டது மோட்டார்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான் என்னை வாங்கினாங்க," என்றது வால்வு. "நான் முழுசாத் திறந்து நீ பார்த்ததில்லையே."

"பாதிகூடப் பார்த்ததில்லண்ணே."

கோடை முடிவதற்குள் மோட்டார் தேய்ந்து நின்றுபோனது. ஆட்கள் வந்தார்கள். "மோட்டார் சின்னது, அதான்," என்று கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டு, பெரிய மோட்டாராக மாட்டினார்கள்.

வால்வு புதியவனிடம் பேசுவது சாக்குக்குள் கிடந்த பழைய மோட்டாருக்குக் கேட்டது.

"இங்க வேலை ரொம்ப லேசு தம்பி. கொஞ்சமாத் திறந்தாப் போதும்."