மூன்றாம் எண் கிண்ணம்

மூன்றாம் எண் கிண்ணத்தைச் சுகாதார அலுவலர் வழித்துக் குடித்தார். மற்றக் கிண்ணங்களில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டவர், இதில் மட்டும் அடி தெரியும்வரை விடவில்லை. பிறகு பேனாவை எடுத்து, ஆகக் குறைந்த மதிப்பெண்ணை அதற்குத்தான் போட்டார்.

நகரசபை நடத்தும் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்க டெண்டர் விட்டிருந்தார்கள். வந்த விலைகளில் பெரிய வித்தியாசம் இல்லாததால், எல்லோரையும் ஒரே பருப்பு சூப்பைச் செய்து அனுப்பச் சொல்லி, ருசி பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. கிண்ணத்தின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். யார் சமைத்தது என்பது ருசி பார்க்கும் மூவருக்கும் தெரியாது.

ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. பூண்டைக் கருகப்போகும் தறுவாயில் எடுத்து சூப்பில் சேர்ப்பது அவருடைய அம்மாவின் பழக்கம். அம்மாவுக்குப் பிறகு அந்தக் கைப்பக்குவம் தங்கையிடம்தான் இருந்தது. முதல் வாயிலேயே அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

தங்கை டெண்டர் போட்டிருப்பது அவருக்கு முன்பே தெரியும். ருசி பார்க்க வேண்டிய டாக்டர் வரமுடியாமல் போய், காலையில்தான் இவரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். என் தங்கையும் இதில் இருக்கிறாள், என்னை விட்டுவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. மச்சானுக்குக் காண்டிராக்ட் வாங்கிக் கொடுத்தார் என்று பக்கத்து அறைக்காரரை ஆபீஸே சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். தங்கை என்று வாயைத் திறந்தாலே தன்னையும் அப்படித்தான் பேசுவார்கள் என்ற பயம். வெறும் எண்தானே, நியாயமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நியாயமாகவும் இருக்கவில்லை. அதே சூப்பை வேறு யாரோ செய்தது என்று நினைத்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். கூட உட்கார்ந்து ருசி பார்த்த நகரசபைத் தலைவர் அம்மா அவருடைய தாளை எட்டிப் பார்த்து, எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் பிடிச்சிருந்தது, உங்களுக்கு ஏன் ஆகலை என்று கேட்டார். கருகல் வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஒருவர் போட்ட மதிப்பெண்ணால் மூன்றாம் கிண்ணம் கீழே இறங்கி, வேறொரு கிண்ணம் மேலே வந்தது. எந்த எண் யாருடையது என்று பிரித்துப் பார்த்துத் தகவல் சொல்வது வேறு பிரிவின் வேலை. அந்தப் பக்கம் தலைகாட்டத் துணிச்சல் இல்லாமல் சாயங்காலம்வரை மேசையிலேயே கிடந்தார்.

ஆபீஸ் விட்டதும் கால்கள் தங்கை வீட்டுக்குத்தான் போயின. கணவன் விட்டுப் போன பிறகு அவள் பின்பக்க அறையில் அடுப்பைப் போட்டு, தொழிற்சாலை ஆட்களுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடியதும் பிழைப்பு படுத்துவிட்டது. கூடவே இருந்து சமையல் கற்றுக்கொண்ட நெட்டச்சி என்ற பெண்ணைக்கூட வைத்துக்கொள்ள முடியாமல், தனியாகச் செய்து பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டாள்.

அவர் போனபோது தங்கை பெரிய பெரிய பாத்திரங்களைத் துடைத்து, துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். தொழிலை மூட்டை கட்டிவிட்டாள் என்று அவர் நினைத்தார். அண்ணா, உனக்கு விஷயம் தெரியுமா என்று அவள் ஆரம்பித்ததை அவர் முடிக்க விடவில்லை.

"நீ எதுவும் பேசாதம்மா. மொதல்ல நான் சொல்லிடறேன்."

எல்லாவற்றையும் சொன்னார். தான் அந்த அறையில் இருந்ததை, வழித்துக் குடித்ததை, தெரிந்தே மதிப்பெண்ணைக் குறைத்ததை, தலைவரிடம் சொன்ன பொய்யை.

"உன் வயித்துல அடிச்சது வேற யாரும் இல்ல. நான்தான்."

தங்கையின் கை துடைப்பதை நிறுத்தியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, அது தன்னுடையதுதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அம்மாவின் பூண்டு என்றார்.

அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"நான் பூண்டே போடலண்ணா. வயசானவங்களுக்கு ஒத்துக்காதுன்னு விட்டுட்டேன்."

அப்படியானால் அது யாருடையது என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. நெட்டச்சியுடையது என்று அவளே சொன்னாள். அவளை டெண்டர் போடச் சொல்லித் தூண்டியது இவள்தான். கொஞ்சத்தில் போய்விட்டதாம் என்று மத்தியானம் அவள் வந்து, இந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்காரனுக்கு வேலை இல்லை, இதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

தங்கைக்குக் கெடுதல் செய்யவில்லை என்று ஒரு கணம் அவருக்கு மனது லேசானது. அப்படி லேசானதற்காக உடனே வெட்கப்பட்டார். முகம் தெரியாத யாரோ ஒருத்திக்குக் கெடுதல் செய்தால் மட்டும் பரவாயில்லையா?

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தலைவர் வீட்டுக்குப் போறேன். நடந்ததச் சொல்லிடறேன். என் வேலை போனாலும் போகட்டும். யாருக்குக் குடுத்திருந்தாலும் ரத்து பண்ணிட்டு, அந்தப் பொண்ணுக்கே குடுக்கச் சொல்றேன்."

தங்கை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துணியில் கட்டிவைத்த பாத்திரங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத்தாண்ணா குடுத்திருக்காங்க."