வாயை அடக்கு, டெரன்ஸ்!

“எப்படி இருக்கீங்க?” என்று உதவித்தொகை அதிகாரி மாதிரியே குரலை மாற்றிக் கேட்டார் மார்ஜரி.

“நல்லா இருக்கேன், நன்றி” என்றார் கணவர் டெரன்ஸ்.

“போச்சு! வேலைக்குப் போக முடியாதவங்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகை அம்போ! நம்ம லீட்ஸ் ஊர்க்காரன் கால் ஒடிஞ்சு கிடந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். அந்த வாயை அடக்கு. எங்கே, மறுபடி சொல்லு!”

வாரம் முழுக்க, தேநீர் ஆறிப்போகும்வரை ஒப்பித்தார் டெரன்ஸ்.

நேர்காணல் அன்று அதிகாரி இருவரையும் பார்த்து, “எப்படி இருக்கீங்க?” என்றார்.

டெரன்ஸ் முந்திக்கொண்டார். “ரொம்ப மோசம் மேடம். நாலு அடி நடந்தா நெஞ்சை அடைக்குது. ஒரு கெட்டிலைக்கூடத் தூக்க முடியல. பாதி நாள் படுக்கைதான்.”

ஒரு சொல் பிசகவில்லை. பெருமையாக மார்ஜரியைப் பார்த்தார்.

“சரி சார், உங்க மனைவியைப் பத்தி நீங்க சொல்லிட்டீங்க” என்ற அதிகாரி, சக்கர நாற்காலியில் இருந்த மார்ஜரியின் பக்கம் திரும்பினார். “விண்ணப்பம் உங்களோடதாச்சே மேடம். நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?”

மார்ஜரி பளிச்சென்று சிரித்தார்.

“நல்லா இருக்கேம்மா, நன்றி. நீங்க?”

அதுவரை சும்மா கிடந்த அதிகாரியின் பேனா எழுதத் தொடங்கியது.