தவளை வீரன், இரண்டாம் பாகம்

"ஜெயங்கொண்டம் சம்பந்தி வராராம். 'தவளை வீரன்' ரெண்டாம் பாகத்தை இரவல் கேட்டார்னா என்ன பண்றது?" அரங்கநாதன் பதறினார்.

"வீடியோ கேம் கேசட்டுதானே, குடுங்களேன்" என்றாள் மனைவி சிந்தாமணி.

"என் உசுருடி அது! டி.வி. ரிப்பேருக்குப் போயி ஒரு மாசமா ஆடாம தவிச்சுக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் இரவல் போன ஏணியும் இட்லிக் குண்டானும் திரும்பி வந்துச்சா? சம்பந்திக்கு இல்லேன்னு சொல்லவும் முடியாது."

சம்பந்தி வைத்திலிங்கம் வந்தார். காபியை வாங்கியதும் தயங்கினார்.

"சம்பந்தி, அந்த ரெண்டாம் பாகம்..."

அரங்கநாதன் முந்திக்கொண்டார். "அந்தக் கண்றாவியைப் பேசாதீங்க! நாலு பந்தி சாப்பிட்ட மாதிரி தாவுது. தண்ணியில விழுந்தா செத்துப்போவுது. தவளைங்க, தவளை! ஆடுன அத்தனை பேரும் காறித் துப்புறாங்க."

"அப்ப உங்களுக்கும் பிடிக்கலையா?"

"வூட்டுல வெச்சிருக்கறதே அசிங்கம்!"

வைத்திலிங்கம் நிம்மதியாகக் காபியை உறிஞ்சினார். "அப்பாடா! போன மாசம் வந்தப்ப, உங்க டி.வி.தான் ஓடலையேன்னு சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டேன். மனசு உறுத்துச்சு. திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கலாம்னுதான் பையில கொண்டாந்தேன். வழியெல்லாம் நம்ம பஸ் கண்டக்டர் தமிழழகன் 'எனக்குக் குடுங்க'ன்னு ஒரே நச்சரிப்பு."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

"தமிழழகா, சம்பந்தி தாராளமா குடுத்துட்டாரு. வண்டியை எடுத்துடாத, கேசட்டோட வந்துக்கிட்டே இருக்கேன்!"

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லி, பையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அரங்கநாதன் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.