மூன்றாவது கூப்பாடு

மலை சரியப்போகிறது என்றால், முகட்டில் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வைத்த ஸ்பீக்கர் எங்களைக் கூப்பிடும். முன்பு யாரோ ஒரு பெண்ணின் குரலில் கூப்பிட்டது. ஒருவரும் இறங்கவில்லை. அதனால் போன சரிவில் செத்தவர்களின் குரலை, வீட்டுக்கு ஒன்றாக, அதற்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மகன் எசக்கியின் குரல்.

அப்போதும் யாரும் அசையவில்லை. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வெளியே வரவேண்டும் என்பது எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளின் வழக்கம். அதைக் கேட்டு, மூன்று தடவை கூப்பிடுகிற மாதிரி மாற்றினார்கள்.

இன்று மத்தியானம், கொட்டுகிற மழையில் எசக்கி கூப்பிட்டான். "அம்மா, ஏரிக்கரைக்குப் போங்க." மூன்று தடவை. லைனே ஏரியைப் பார்த்து ஓடியது. என் மனைவி சொர்ணம் மட்டும் குடையோடு முகட்டுப் பாதையில் ஏறினாள்.

"எங்கடி ஏறுற?"

"மூணு தடவ கூப்பிட்டான்ல? பேய் கூப்பிடுமா அப்படி? மழையில நிக்கிறான் புள்ள."

"அது ஸ்பீக்கர்டி. தெனம் நாந்தான தொடைக்கிறேன்."

"தொடைச்சு என்ன? ஒருநாளாவது சாப்பிட்டியான்னு கேட்டீங்களா அவன?"

அவளைத் தரதரவென்று கீழே இழுத்துவந்தேன். நாங்கள் கரையைத் தொட்டபோது முகடு இடிந்து எங்கள் வீடுகள் மேல் இறங்கியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில், மண்ணுக்கு அடியிலிருந்து "அம்மா" என்றது. சொர்ணம் என்னைப் பார்த்தாள். மறுபடியும் "அம்மா" என்றது.

அது ஸ்பீக்கர்தான். எனக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, நான் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.